அந்த எண்ணுக்குக் கூப்பிடலாமா?

கேள்வி:

வழக்கறிஞர் அவர்களுக்கு வணக்கம். நான் ராணுவத்தில் 22 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன். எந்த நாடு, எந்த ஊர் என்று எழுதவில்லை, மன்னிக்கவும். என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். ஆற்றில் ஆலைக்கழிவு கலப்பதை எதிர்த்து நடந்த ஊர்வலத்துக்குத் தோழிகளோடு போய்வந்தாள். கல்லெறி, கைகலப்பு எதுவும் இல்லை. ஊர்வலம் முழுவதையும் காவலர்கள் கேமராவில் படம் எடுத்தார்களாம். பத்து நாள் கழித்துச் சாதாரண உடையில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். அவளுடைய நண்பர்கள் யார், எந்த வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறாள் என்றெல்லாம் கேட்டார்கள். "நாட்டுக்காக உழைத்தவர் நீங்கள், உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை" என்று ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்து, அடுத்த முறை அவள் எங்காவது கூட்டத்துக்குக் கிளம்பினால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றார்கள். என் தம்பி, "உன் வீட்டிலேயே தேசத்துரோகியா?" என்கிறான். தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம் என்று ஆயுள் முழுக்கச் சொல்லிவந்தவன் நான். இப்போது எனக்கே இரவில் தூக்கம் வரவில்லை. அரசு இப்படிக் கண்காணிப்பது சரியா? என் மகளைத் தடுக்க வேண்டுமா? அந்த எண்ணுக்குக் கூப்பிடலாமா? அவர்கள் எண் கொடுத்தது மகளுக்குத் தெரியாது. பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள ஐயா,

நாட்டின் பெயரை எழுதாததற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அவசியமே இல்லை. ஆனால் அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 22 ஆண்டுகள் ஒரு நாட்டைக் காத்து நின்றவர், அந்த நாட்டின் பெயரை ஒரு கடிதத்தில் எழுதத் தயங்குகிறார். உங்கள் மகள் ஒரு குற்றமும் செய்யவில்லை. நீங்களும் செய்யவில்லை. இரண்டு பேர் வந்து மரியாதையாகப் பேசிவிட்டுப் போனதற்கே இந்தத் தயக்கம், இந்தத் தூக்கமின்மை. தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம் என்று இத்தனை நாள் சொல்லிவந்தீர்களே, அதற்கான பதில் உங்கள் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது.

நாடு தெரியாததால் சட்டப் பிரிவுகளின் எண்களை என்னால் சொல்ல முடியாது. அதற்கு உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரை நேரில் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் உங்களுக்கு நடந்தது பல நாடுகளில் நடந்திருக்கிறது. நீதிமன்றங்கள் வரை போயிருக்கிறது, அரசுகளின் சொந்தக் காகிதங்களிலேயே பதிவாகியிருக்கிறது. அவற்றை வைத்துப் பேசுகிறேன்.

முதலில் அந்த வருகை. அவர்கள் தகவல் கேட்கத்தான் வந்தார்கள் என்று நினைக்கிறீர்கள். பாதி உண்மை. 1971 மார்ச் 8-ம் தேதி இரவு, அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் மீடியா என்கிற சிற்றூரில் மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐயின் கிளை அலுவலகத்தைச் சிலர் உடைத்து, அங்கிருந்த கோப்புகளை அள்ளிக்கொண்டு போய்ப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். வியட்நாம் போரை எதிர்த்தவர்களை அரசு எப்படி வேவு பார்த்தது என்று நாட்டுக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தக் காகிதங்களில் ஒன்று அதிகாரிகளுக்கான அறிவுறுத்தல். எதிர்ப்பாளர்களை நேரில் போய் விசாரிப்பதை அதிகப்படுத்துங்கள் என்கிறது அது. காரணத்தையும் அதுவே சொல்கிறது: அவர்களிடம் ஏற்கனவே இருக்கிற பீதி இன்னும் கூடும், ஒவ்வொரு தபால் பெட்டிக்குப் பின்னாலும் ஓர் உளவாளி நிற்கிறான் என்ற எண்ணம் அவர்கள் மனதில் பதியும். அதாவது, கேள்விக்கு என்ன பதில் கிடைக்கிறது என்பது இரண்டாம் பட்சம். கேட்டுவிட்டுப் போவதுதான் வேலை. உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் இதே நோக்கத்தில் வந்தார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் விளைவு அதுதானே? நீங்கள் தூங்கவில்லை. உங்கள் தம்பி அவளைத் துரோகி என்கிறார். உங்கள் வீட்டுக்குள் ஒருவரையொருவர் சந்தேகிக்கும் நிலை வந்துவிட்டது.

அப்புறம், அந்த எண். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அதுதான். மகளைப் பற்றித் தகப்பனிடம் உளவு கேட்பது புதிய உத்தி இல்லை. இதை ஒரு நாட்டின் நிர்வாக முறையாகவே ஆக்கியது கிழக்கு ஜெர்மனி. அங்கே ஸ்டாசி என்று அழைக்கப்பட்ட பாதுகாப்புத் துறையில் 1989-ல் சுமார் 91,000 பேர் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். அவர்களைத் தவிர, ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் தகவல் சொல்பவர்களாக இருந்தார்கள். நாட்டின் மொத்த மக்கள்தொகையே ஏறக்குறைய 1.6 கோடிதான். அவர்கள் எழுதிக் குவித்த கோப்புகளை வரிசையாக அடுக்கினால் நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும். அந்த அரசு வீழ்ந்த பிறகு, 1992 ஜனவரியிலிருந்து தத்தம் கோப்பை அவரவர் வாங்கிப் படிக்கலாம் என்று கதவைத் திறந்தார்கள். அமைதி இயக்கத்திலும் சுற்றுச்சூழல் இயக்கத்திலும் இருந்து, பின்பு நாடாளுமன்ற உறுப்பினரான ஒரு பெண், தன்னைப் பற்றி ஆண்டுக்கணக்கில் தகவல் கொடுத்தது தன் கணவரே என்று தெரிந்துகொண்டார். அந்தத் திருமணம் அதோடு முடிந்தது.

அப்படித் தகவல் சொன்னவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை, ஐயா. பயந்தவர்கள் உண்டு, மிரட்டப்பட்டவர்கள் உண்டு. நாட்டுக்கு நல்லது செய்கிறோம் என்று மனதார நம்பியவர்களும் நிறையப் பேர். உங்களிடமும் அந்த நம்பிக்கையைத் தொட்டுத்தான் பேசியிருக்கிறார்கள். "நாட்டுக்காக உழைத்தவர் நீங்கள்" என்ற வார்த்தையை அவர்கள் சும்மா சொல்லவில்லை.

சரி, அரசு கண்காணிப்பது சரியா என்ற கேள்விக்கு வருகிறேன். கண்காணிப்பே கூடாது என்று சொல்கிறவன் இல்லை நான். குண்டு வைக்கத் திட்டமிடுகிறவனைப் பின்தொடராத காவல்துறை எதற்கு? ஒருவர் குற்றம் செய்யப்போகிறார் என்று நம்புவதற்குக் குறிப்பான காரணம் இருந்தால், சட்டம் அனுமதித்த வழியில், ஒரு நீதிபதியோ பொறுப்பான வேறு அதிகாரியோ கையெழுத்திட்டு, தேவைப்படும் காலத்துக்கு மட்டும் அவரைக் கவனிக்கலாம். இந்த நாலில் எது குறைந்தாலும் எனக்குச் சந்தேகம் வரும். ஊர்வலத்துக்குப் போனாள் என்பதைத் தவிர வேறு காரணமே இல்லாவிட்டால், கண்காணிக்கப்படுவது குற்றம் அல்ல, கருத்து. ஆறு நாறுகிறது என்று சொல்வது ஒரு கருத்துகூட இல்லை, பார்த்ததைச் சொல்வது.

இதில் ஒரு விஷயத்தை நான் தொழிலில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கோப்பைத் திறப்பதற்கு ஏதோ ஒரு காரணமாவது சொல்கிறார்கள். அதை மூடுவது யாருடைய வேலையும் இல்லை.

இந்தியாவில் கரக் சிங் என்பவரின் வழக்கு சட்ட மாணவர்கள் எல்லாரும் படிப்பது. 1941-ல் ஒரு கொள்ளை வழக்கில் அவரைப் பிடித்தார்கள். சாட்சியம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் அவர் பெயரில் காவல் நிலையத்தில் ஒரு பதிவேடு தொடங்கிவிட்டார்கள். அதை வைத்துக்கொண்டு காவலர்கள் நடுராத்திரியில் வந்து கதவைத் தட்டி எழுப்புவார்கள். எங்கே போகிறார், யாரைப் பார்க்கிறார் என்று விசாரிப்பார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1962 டிசம்பரில் தீர்ப்பு. இரவில் வீட்டுக்கு வருவது மட்டும் செல்லாது, பின்தொடர்வதும் நோட்டம் பார்ப்பதும் தொடரலாம் என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். நீதிபதி சுப்பா ராவ் அதை ஏற்கவில்லை. கால்கள் நடக்கலாம், ஆனால் காவலரின் பார்வைக்குக் கீழே நடப்பதைச் சுதந்திர நடமாட்டம் என்று எப்படிச் சொல்வது, அப்படிப்பட்டவனுக்கு நாடு முழுவதுமே சிறைதான் என்று எழுதினார். அன்று அது தோற்ற தரப்பு. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னபோது, அந்தரங்க உரிமை இல்லை என்ற 1962-ன் பெரும்பான்மைக் கருத்தைத் தள்ளிவைத்தார்கள். சுப்பா ராவ் எழுதியதற்கு உரிய இடம் கிடைக்க 55 ஆண்டுகள் ஆயின.

கரக் சிங்காவது ஒரு கொள்ளை வழக்கில் பெயர் அடிபட்டவர். பிரிட்டனில் 94 வயது முதியவர் ஒருவரின் வழக்கைக் கேளுங்கள். போர் எதிர்ப்பாளர். குற்றத் தண்டனை எதுவும் பெறாதவர். ஓர் ஆயுத ஆலைக்கு எதிரான ஆர்ப்பாட்டங்களுக்குப் போய்வந்தார். காவல்துறை அவர் பெயரை 'உள்நாட்டுத் தீவிரவாதம்' என்ற தலைப்பிலான தரவுத்தளத்தில் வைத்திருந்தது. ஆர்ப்பாட்டத்தில் உட்கார்ந்து அவர் ஓவியம் வரைந்ததையும் குறித்து வைத்திருந்தார்கள். பிரிட்டனின் உச்ச நீதிமன்றத்தில் தோற்று, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2019 ஜனவரியில்தான் ஜெயித்தார். அமைதியான போராட்டத்தில் கலந்துகொண்ட விவரத்தை இப்படிக் கால வரம்பில்லாமல் சேர்த்து வைப்பது அவருடைய தனிவாழ்க்கை உரிமையை மீறுகிறது என்றது அந்த நீதிமன்றம். 94 வயதில் ஒருவர் இதை நிரூபிக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனது கனக்கிறது.

உங்கள் மகளின் ஊர்வலத்தைப் படம் எடுத்தார்கள் என்கிறீர்கள். முன்பெல்லாம் படத்தைப் பார்த்து ஆளை அடையாளம் காட்ட இன்னொரு ஆள் வேண்டும். ஆயிரம் பேர் கூடினால் பத்துப் பேரைத்தான் கண்டுபிடிக்க முடியும். இப்போது முகத்தை அடையாளம் காணும் மென்பொருள் அந்த வேலையைச் செய்கிறது. போதாததற்கு, கைப்பேசிக் கோபுரம் போலவே நடிக்கும் கருவிகள் இருக்கின்றன. கூட்டத்தில் இருப்பவர்களின் போன்கள் ஏமாந்து அவற்றோடு இணைந்துகொள்ளும், யாருடைய போன்கள் அங்கே இருந்தன என்று பட்டியல் கிடைத்துவிடும். அளவு மாறும்போது விஷயத்தின் தன்மையே மாறிவிடுகிறது. சந்தேகப்பட்ட ஒருவரைத் தேடுவது போய், கூடிய எல்லாரையும் பதிவு செய்துவிட்டு, சந்தேகத்தைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்றாகிறது.

அந்த மென்பொருளும் தப்பே செய்யாத ஒன்றில்லை. 2019-ல் அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் ஏராளமான நிரல்களைச் சோதித்தது. அவற்றில் பல, வெள்ளையர் முகங்களைவிட ஆசிய, ஆப்பிரிக்க-அமெரிக்க முகங்களைப் பத்து மடங்கு முதல் நூறு மடங்கு வரை அதிகமாகத் தவறான ஆளோடு பொருத்தின. 2020 ஜனவரியில் டெட்ராய்ட் காவல்துறை இப்படி ஒரு தவறான பொருத்தத்தை நம்பி, சம்பந்தமே இல்லாத ஒருவரை அவருடைய வீட்டு வாசலில் மனைவி, பிள்ளைகள் கண்ணெதிரே கைது செய்தது. தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம் என்பதற்கு இதுவும் ஒரு பதில். அதே ஆண்டு ஆகஸ்டில், கார்டிஃப் நகரில் ஒரு போராட்டக்காரரின் முகத்தை இப்படிப் படம்பிடித்த வழக்கில், காவல்துறை அந்தக் கருவியைப் பயன்படுத்திய விதம் சட்டவிரோதம் என்று பிரிட்டனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யாரைத் தேடலாம், எங்கே வைக்கலாம் என்பதையெல்லாம் கருவியை வைத்திருப்பவரின் விருப்பத்துக்கு விட்டிருந்ததுதான் முக்கியக் குறை.

இவ்வளவு சொன்ன பிறகும் உங்கள் மனதில் இருக்கிற உண்மையான முள் வேறொன்று என்று எனக்குத் தெரியும். உங்கள் தம்பி சொன்ன அந்த ஒரு சொல்.

துரோகி என்ற முத்திரையை யார் யார் மேல் குத்தியிருக்கிறார்கள் என்று பார்ப்போம். நம் மொழிக்காரர்களிடமிருந்தே தொடங்கலாம். வ.உ.சிதம்பரனார் மீது 1908-ல் ராஜத்துரோக வழக்கு. விசாரித்த நீதிமன்றம் கொடுத்தது இரட்டை ஆயுள் தண்டனை, நாற்பது ஆண்டுகள். மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது. அதே ஆண்டு பாரதி கைதுக்குத் தப்பிப் புதுச்சேரி போனார். அங்கே இருந்த பத்து ஆண்டுகளும் பிரிட்டிஷ் ஒற்றர்கள் அவரைச் சுற்றியே இருந்தார்கள். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று குறிப்பெழுதினார்கள். அவருக்கு வந்த கடிதங்கள் வழியிலேயே பிரிக்கப்பட்டன. தேசத்தை அவரைவிட நேசித்தவர் என்று இன்று யாரைச் சொல்வோம்? ஆனால் அன்றைய அரசின் குறிப்பேட்டில் அவர் கண்காணிக்கப்பட வேண்டிய ஆள்.

அது அந்நியர் ஆட்சி, இது நம் ஆட்சி என்று உங்கள் தம்பி சொல்லக்கூடும். நியாயமான கேள்விதான். சுதந்திர இந்தியாவில் நடந்ததைச் சொல்கிறேன். சுபாஷ் சந்திர போஸின் குடும்பத்தாரை உளவுத்துறை 1948 முதல் 1968 வரை இருபது ஆண்டுகள் கண்காணித்தது, அவர்களுடைய கடிதங்களைப் பிரித்து நகலெடுத்தது என்பது பிற்பாடு வெளியான அரசுக் கோப்புகளிலிருந்து 2015-ல் தெரியவந்தது. சொந்த அரசு, சொந்த நாட்டின் போர்வீரர் குடும்பம்.

அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் லட்சக்கணக்கானவர்கள் முன்னால் பேசினார். இரண்டே நாளில் எஃப்பிஐயின் உயரதிகாரி ஒருவர், நாட்டின் எதிர்காலத்துக்கு மிக ஆபத்தான கறுப்பினத்தவர் இவரே என்று குறிப்பு எழுதினார். அவருடைய தொலைபேசியை ஒட்டுக்கேட்டார்கள், தங்கிய விடுதி அறைகளில் ஒலிவாங்கி வைத்தார்கள். 1964 நவம்பரில், அவர் நோபல் பரிசு வாங்கப் போவதற்குச் சில வாரங்கள் முன்பு, தற்கொலை செய்துகொள்ளத் தூண்டும் ஒரு மொட்டைக் கடிதத்தை அவருக்கு அனுப்பினார்கள். இதையெல்லாம் விசாரித்து வெளியே கொண்டுவந்தது 1975-ல் அமைக்கப்பட்ட செனட் குழு. அதன் தலைவர் ஃபிராங்க் சர்ச். அந்த சர்ச்சின் தகவல் தொடர்புகளையே தேசியப் பாதுகாப்பு முகமை ஒருகாலத்தில் கண்காணித்திருந்தது என்பது 2013-ல் ரகசியம் நீக்கப்பட்ட ஆவணங்களில் வந்தது. கிங்கின் பிறந்தநாளுக்கு அந்த நாடு 1986 முதல் விடுமுறை விடுகிறது.

இவர்களோடு உங்கள் மகளை ஒப்பிடவில்லை. அவள் கல்லூரிப் பெண், ஓர் ஊர்வலத்துக்குப் போனாள், அவ்வளவுதான். நான் சொல்ல வருவது அந்த முத்திரையைப் பற்றி. அதிகாரத்தில் இருப்பவருக்கு ஒருவர் இடைஞ்சலாக இருக்கிறார் என்பதைத்தான் அது சொல்கிறது. நாட்டின் மேல் அவருக்குப் பற்று இருக்கிறதா இல்லையா என்பதை அது ஒருபோதும் சொன்னதில்லை.

1922 மார்ச் 18 அன்று அகமதாபாத்தில் காந்தி குற்றவாளிக் கூண்டில் நின்றார். இந்திய தண்டனைச் சட்டத்தின் 124-ஏ பிரிவு. அரசின் மீது வெறுப்பையோ அன்பின்மையையோ தூண்டுவது குற்றம் என்று அன்று சொன்ன பிரிவு. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டுவிட்டுச் சொன்னார்: அன்பைச் சட்டத்தால் உண்டாக்கவும் முடியாது, ஒழுங்குபடுத்தவும் முடியாது. ஆறு ஆண்டு தண்டனை கிடைத்தது. தேசப்பற்றைப் பற்றி என்னிடம் யார் கேட்டாலும் எனக்கு அந்த வாக்கியம்தான் நினைவுக்கு வரும். பற்று என்று சொல்கிறோமே, அது ஒட்டிக்கொள்வது. ஆற்றோடு, மண்ணோடு, பக்கத்து வீட்டுக்காரரோடு ஒட்டிக்கொண்டவருக்கு, ஆறு கெடும்போது வலிக்கும். வலித்தால் சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் குறித்து வைத்துக்கொள்ள ஆள் அனுப்புகிற அரசு, தன் மக்களின் பற்றையே குற்றப் பட்டியலில் சேர்க்கிறது.

நீங்கள் ராணுவத்தில் சேர்ந்த நாளை நினைத்துப் பாருங்கள். ஓர் உறுதிமொழி எடுத்திருப்பீர்கள். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் அந்த உறுதிமொழி நாட்டின் அரசியல் சட்டத்துக்கு விசுவாசமாக இருப்பேன் என்கிறது. அன்றைக்கு ஆட்சியில் இருந்த கட்சியின் பெயரோ தலைவரின் பெயரோ அதில் இல்லை. 22 ஆண்டுகளில் எத்தனை ஆட்சிகள் மாறின? ஒவ்வொரு முறையும் உங்கள் தேசப்பற்றை மாற்றிக்கொண்டீர்களா? நாடு, அரசு, ஆட்சியில் இருப்பவர்கள் என்று மூன்று இருக்கின்றன. பாரா நிற்கும்போது நீங்கள் எதற்குக் காவல் நின்றீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஜனங்கள் உள்ளே பயமில்லாமல் நடமாட வேண்டும், பேச வேண்டும் என்றுதானே? உங்கள் மகள் அப்படி ஒரு நாள் நடந்திருக்கிறாள்.

ஆகவே அவளைத் தடுக்க வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம். பெற்றவரின் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. படிப்பு இருக்கிறது, நாளைக்கு வேலைக்கான காவல்துறைச் சான்று இருக்கிறது, உங்களுக்கு ஓய்வூதியம் இருக்கிறது. இந்தக் கவலையை அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். முடிவை அவள் எடுக்கட்டும். அவள் பெரியவள். ஆனால் நீ செய்தது தப்பு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வெளியிலிருந்து எத்தனை பேர் சொன்னாலும் தாங்கிக்கொள்வாள், அப்பா சொன்னால் தாங்க மாட்டாள்.

இனி செய்ய வேண்டியவை. எல்லா ஊருக்கும் பொருந்துவதை மட்டும் சொல்கிறேன்.

நடந்ததை இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்தத் தேதி, என்ன நேரம், வந்தவர்கள் சொன்ன பெயர், கேட்ட கேள்விகள், அந்த எண். ஒரு மாதம் போனால் நினைவு குழம்பிவிடும், எழுதி வைத்தது குழம்பாது. மறுபடி வந்தால் வாசலிலேயே நிறுத்தி, பெயர், பதவி, எந்த நிலையம், அடையாள அட்டை என்று கேளுங்கள். மரியாதையாகவே கேட்கலாம். எதைப் பற்றிய விசாரணை, எந்தச் சட்டத்தின் கீழ், எழுத்தில் தர முடியுமா என்று கேளுங்கள். முறையான விசாரணை என்றால் காகிதம் வரும். காகிதம் வந்தால் வழக்கறிஞரோடு போய்ப் பதில் சொல்லுங்கள். அது வரைக்கும், "வழக்கறிஞரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்ற ஒரு வரி போதும். வீட்டுக்குள் வர வேண்டும், போனைத் திறந்து காட்ட வேண்டும் என்றால் அதற்கான உத்தரவைப் பார்க்கக் கேளுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பொய் மட்டும் சொல்ல வேண்டாம். பேசாமல் இருப்பதற்குப் பெரும்பாலான நாடுகளில் உரிமை உண்டு, அதிகாரியிடம் பொய் சொல்வது பல நாடுகளில் தனிக் குற்றம். அதே போல, விசாரணை என்று தெரிந்த பிறகு பயத்தில் போனிலிருந்து எதையும் அழிக்க வேண்டாம். சாட்சியத்தை அழித்ததாகத் திருப்புவார்கள்.

தோழிகளின் பெயர்களைச் சொல்லாதீர்கள். மரியாதைக்காகக் கூட வேண்டாம். அமெரிக்காவில் அலபாமா மாநிலம், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைக் கேட்டது. சங்கம் மறுத்தது. 1958-ல் உச்ச நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் நின்றது. பெயர் வெளியே வந்தால் உறுப்பினர்களுக்கு வேலை போகும், அடி விழும், அப்புறம் யாருமே சங்கத்தில் சேர மாட்டார்கள் என்பதை நீதிபதிகள் புரிந்துகொண்டார்கள். ஒரு பெண்ணின் பெயரை நீங்கள் சொன்னால், அடுத்த வாரம் இன்னொரு தகப்பனின் வீட்டு வாசலில் இதே இரண்டு பேர் நிற்பார்கள்.

மகளின் போன் பற்றி ஒரு வார்த்தை. வாட்ஸ்அப் செய்திகள் போகும் வழியில் படிக்க முடியாதபடி பூட்டித்தான் போகின்றன. ஆனால் யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்ற விவரம் வேறு, அது பலரிடம் இருக்கும். குழுவில் இருக்கும் ஒருவர் திரையைப் படமெடுத்துக் கொடுத்துவிட்டால் பூட்டினால் பயனில்லை. முகத்தாலோ விரலாலோ திறக்கும் வசதியை நிறுத்திவிட்டு நீளமான கடவு எண் வைக்கச் சொல்லுங்கள். ஊர்வலப் படங்களில் மற்றவர்களின் முகம் தெரிந்தால், அவர்களைக் கேட்காமல் வெளியிட வேண்டாம். வன்முறை பற்றி யாராவது குழுவில் பேசினால், ஆர்வக் கோளாறாக இருந்தாலும், கலகம் மூட்ட அனுப்பப்பட்ட ஆளாக இருந்தாலும், அங்கிருந்து வெளியேறிவிட வேண்டும். போராட்ட இயக்கங்களுக்குள் காவல்துறையே வேற்றுப் பெயரில் ஆட்களை அனுப்பிய வரலாறு உண்டு. பிரிட்டனில் 1968-ல் தொடங்கிய ஒரு காவல் பிரிவு நாற்பது ஆண்டுகள் அப்படி இயங்கியது. அதைப் பற்றிய பொது விசாரணை 2015-ல் அமைக்கப்பட்டது.

உங்கள் தம்பியிடம் நீண்ட வாதம் வேண்டாம். அந்த ஆற்றுத் தண்ணீரை அவரும்தான் குடிக்கிறார் என்றால் அதை மட்டும் நினைவுபடுத்துங்கள்.

கடைசியாக, அந்த எண். கூப்பிட வேண்டாம். ஒருவர் உயிருக்கு ஆபத்து வரப்போகிறது என்று உங்களுக்கு உண்மையாகவே தெரிந்தால் அது வேறு, அதற்குப் பொதுவான காவல்துறை எண் இருக்கிறது. அமைதியான கூட்டத்துக்கு மகள் கிளம்புவதை வாய்வழியாகக் கேட்ட இரண்டு பேருக்குச் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த எழுத்து உத்தரவு எதுவும் இதுவரை வரவில்லை. ஒருமுறை கூப்பிட்டால் இரண்டாம் முறை அவர்களே உங்களைக் கூப்பிடுவார்கள். அந்தத் தாளைக் கிழித்துப் போட வேண்டாம், நோட்டின் பக்கத்தில் ஒட்டி வையுங்கள், வழக்கறிஞருக்குத் தேவைப்படும். ஆனால் அதற்கு முன்னால், இன்றைக்கே மகளை உட்கார வைத்து, அவர்கள் எண் கொடுத்ததையும் என்ன கேட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். உங்களுக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கிற ஒரே ரகசியம் இப்போதைக்கு அதுதான். வேறு யாராவது சொல்லி அவளுக்குத் தெரியவரக் கூடாது.